கற்ற மன்னர் கோழையா?

வரலாற்றைக் கருப்பொருளாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்கள் மலிந்துவிட்ட காலம் இது. அவற்றுள், வைக்கிங்கர்க்கும் சாக்சானியர்க்கும் இடையே ஒன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மண்ணில் நிகழ்ந்த போராட்டத்தைச் சித்திரிக்கும் தொடர்கள் இரண்டு உலகெங்கும் பெயர் பெற்றவை. 'வைக்கிங்ஸ்' 2013ஆம் ஆண்டு தொடங்கி 2020இல் நிறைவுற்றது. 'தி லாஸ்ட் கிங்டம்' 2015இல் பிபிசியில் தொடங்கி, பின்னர் நெட்பிளிக்ஸ் நிறுவனத்தின் கைக்கு மாறி, 2022இல் ஐந்தாம் பருவத்தோடு முடிந்தது. அதன் தொடர்ச்சியாக 2023இல் ஒரு திரைப்படமும் வெளிவந்தது. இவை நன்கு எடுக்கப்பட்ட தொடர்கள் என்பதில் ஐயமில்லை. நடிப்பும் காட்சியமைப்பும் பாராட்டத்தக்கன. ஆயின், இங்கு எழும் வழக்கு தொடர்களைப் பற்றியதைக் காட்டிலும் அவற்றைப் பார்த்தோர் பேசும் பேச்சைப் பற்றியதே மிகுதி.

அப்பேச்சில் ஓங்கி ஒலிப்பன சில குரல்களே. "பள்ளியில் கற்றறியாத வரலாற்றை இத்தொடரில் கற்றேன்" என்பது ஒரு குரல். "ஆல்பிரட் மன்னர் நோயாளி, எந்நேரமும் தொழுகையும் ஏடுமாய் இருந்த கோழை, வாளேந்திய வீரனின் உழைப்பில் பெயர் பெற்ற நன்றிகெட்டவர்" என்பது மற்றொரு குரல். "வைக்கிங்கரே உரிமை வேட்கையுடையோர், சாக்சானியர் போலிப் பத்தர்கள்" என்பது வேறொன்று. இவற்றை மறுத்துரைத்தால், "கதைதானே, இதற்கேன் இவ்வளவு பதற்றம்?" என்னும் குரல் உடனே எழுகின்றது. வரலாறு கற்றேன் என்று முதலில் மகிழ்ந்தவரும், கதைதானே என்று பின்னர் நழுவுகின்றவரும் பல வேளைகளில் ஒருவரே என்பதுதான் விந்தை.

முதற்குரலை முதலில் ஆராய்தல் தகும். 'வைக்கிங்ஸ்' தொடரில் ரக்னர் என்னும் தலைவன் 793ஆம் ஆண்டு லிண்டிஸ்பார்ன் மடத்தைச் சூறையாடுகிறான். அந்த ஆண்டும் அந்தச் சூறையாடலும் உண்மையே. பின்னர் அவன் இறக்க, அவன் மக்கள் பழிவாங்கப் பெரும்படையோடு இங்கிலாந்தில் இறங்குகின்றனர். அப்பெரும்படை வந்ததும் உண்மை. ஆனால் வந்த ஆண்டு 865. இடைப்பட்ட காலம் எழுபத்திரண்டு ஆண்டுகள்! 793இல் அவனுக்கு இருபத்தைந்து வயது என்று கொண்டால், மக்கள் படையெடுத்தபோது தந்தைக்குத் தொண்ணூற்றேழு வயது ஆகியிருக்க வேண்டும். வெசெக்ஸ் நாட்டு எக்பர்ட் மன்னர் 839இல் மறைந்தார். தொடரிலோ அப்பெரும்படை வந்திறங்கும் நாளிலும் அவர் உயிரோடிருக்கிறார். மூன்று தலைமுறைகளை ஒரு மனிதனின் வாழ்நாளுக்குள் மடித்துத் திணித்த பின், அதனை வரலாறு என்று ஒருவர் கற்றுக்கொண்டால் அவர் எதைக் கற்றார்? கூட்டலும் கழித்தலும் அறிந்த தொடக்கப்பள்ளி மாணவன் கேட்கும் கேள்வியை, முழுத் தொடரையும் இருமுறை பார்த்தவர்கள் கேட்கவில்லை.

இனி, ஆல்பிரட் மன்னரைப் பற்றிய பேச்சு. இதுவே மிகவும் வருந்தத்தக்கது. ஆசிரியர்களும் மாணவர்களும் ஊன்றி நோக்க வேண்டியதும் இதுவே.

'தி லாஸ்ட் கிங்டம்' தொடரின் கதை ஊட்ரெட் என்னும் வீரனின் கண்வழியே விரிகின்றது. சாக்சானியக் குடியிற் பிறந்து டேனியர் கையில் வளர்ந்தவன் அவன். பெர்னார்ட் கார்ன்வெல் என்னும் நாவலாசிரியர் படைத்த கற்பனைப் பாத்திரம். ஊட்ரெட் என்ற பெயரில் நார்தம்பிரியத் தலைவர் ஒருவர் மெய்யாகவே இருந்தார். ஆனால் அவர் 1016இல் கொல்லப்பட்டவர். ஆல்பிரட்டோ 899இல் மறைந்தவர். ஆகவே, ஊட்ரெட்டுக்கு ஆல்பிரட் நன்றி பாராட்டவில்லை என்று சினங்கொள்வோர், இல்லாத ஒருவனுக்காக இருந்த ஒருவரைக் கூண்டில் ஏற்றுகின்றனர். தொடரை எடுத்தோர் ஆல்பிரட்டை இழிவாகக் காட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நுண்ணறிவும் மனவுறுதியும் உடைய மன்னராகவே டேவிட் டாசன் அவரை நடித்துக் காட்டினார். எனினும், வாளேந்தியவன் வாயிலாகக் கதை சொல்லப்படும்போது ஏடேந்தியவர் சிறுத்துப்போவது இயல்பு. பார்வையாளர் அந்தச் சிறுமையை மட்டும் பற்றிக்கொண்டனர்.

ஆல்பிரட் கோழையா? 871ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே ஒன்பது பெரும்போர்கள் நிகழ்ந்தன என்று ஆங்கிலோ-சாக்சன் வரலாற்றேடு கணக்கிடுகிறது. அவ்வாண்டின் ஆஷ்டவுன் போரைப் பற்றி, ஆல்பிரட்டின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஆசர் என்னும் வேல்ஸ் நாட்டுத் துறவி கூறும் செய்தி கருதத்தக்கது. அன்று மன்னராயிருந்தவர் ஆல்பிரட்டின் அண்ணன் ஏத்தல்ரெட். அவர் கூடாரத்தில் வழிபாட்டில் இருந்தார். வழிபாடு முடியாமல் எழமாட்டேன் என்றார். பகைவர் அணிவகுத்துவிட்டனர். அண்ணனுக்காகக் காத்திராமல் தாமே படையை நடத்திக் குன்றின்மேல் ஏறித் தாக்கியவர் ஆல்பிரட். ஆசர் அவரைக் காட்டுப்பன்றிக்கு ஒப்பிடுகிறார். தொழுகையில் மூழ்கியிருந்தவர் யார், போரில் முந்தியவர் யார் என்பதைப் பார்வையாளர் தலைகீழாக அறிந்து வைத்துள்ளனர்.

நோய் இருந்தது மெய். 868இல் திருமணக் கொண்டாட்டத்தின்போதே அவரை வலி தாக்கியது என்றும், வாழ்நாள் முழுவதும் அது விட்டும் தொட்டும் வருத்தியது என்றும் ஆசர் எழுதுகிறார். இக்கால மருத்துவர் சிலர் அதனைக் குடலைப் பற்றும் குரோன் நோயாக இருக்கலாம் எனக் கருதுகின்றனர். அந்நோயோடுதான் 878ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சிப்பன்காமில் குத்ரம் தலைமையிலான டேனியர் திடுமெனப் புகுந்தபோது, சிறு குழுவோடு ஏத்தல்னி சதுப்பு நிலத்தில் ஒளிந்து வாழ்ந்தார். அந்நோயோடுதான் அவ்வாண்டு மே மாதத்தில் எடிங்டனில் வென்றார். வென்றபின் குத்ரமைக் கொல்லவில்லை. அவனுக்குத் திருமுழுக்குச் செய்வித்து, தாமே ஞானத்தந்தையாய் நின்றார். நோயாளி என்பதை வசைச்சொல்லாக வழங்குகின்றோர் இதனை எந்த வகையில் அடக்குவர்?

ஆனால் ஆல்பிரட்டின் பெருமை எடிங்டனோடு முடிந்துவிடவில்லை. ஒரு போரில் வென்றவர் பலர். மீண்டும் பகைவர் வந்தால் என் செய்வது என்று எண்ணிப் பார்த்தவர் சிலர். நாடெங்கும் அரண் சூழ்ந்த ஊர்களை அவர் அமைத்தார். அவர் மகன் எட்வர்ட் காலத்தில் எழுதப்பெற்றதாகக் கருதப்படும் ஏடொன்று அத்தகைய அரண்கள் ஏறத்தாழ முப்பதைப் பட்டியலிடுகிறது. ஒவ்வோர் அரணுக்கும் இத்தனை 'ஹைடு' நிலம் என ஒதுக்கீடு. ஒரு ஹைடுக்கு ஓர் ஆள். மதிலின் ஒவ்வொரு கோலுக்கும், அதாவது பதினாறரை அடிக்கும், நான்கு ஆட்கள். வின்செஸ்டர் நகருக்கு ஒதுக்கப்பட்டவை 2,400 ஹைடுகள். கணக்கிட்டால் மதிலின் நீளம் 9,900 அடி என வரும். அந்நகரின் பழைய உரோமானிய மதிலை இக்காலத்தார் அளந்து கண்ட நீளம் இதனோடு மிக நெருங்கி ஒத்துப்போகிறது! படையையும் இரு கூறாக்கி, ஒரு பாதி களத்திலும் மறுபாதி வீட்டில் உழவிலுமாக முறைவைத்து மாற்றினார். இதன் பயன் என்ன? 878இல் ஒரே பாய்ச்சலில் நாட்டின் நடுவுக்குள் புகுந்த பகைவர், 892இல் பெருந்திரளாய் மீண்டும் வந்தபோது நான்காண்டுகள் முட்டி மோதிப் பார்த்தும் பிடி கிடைக்காமல் 896இல் கலைந்து போயினர். ஊட்ரெட்டைப் போன்ற தனிவீரனின் வாள் செய்த வேலையன்று இது. ஏடும் எழுத்தும் கணக்கும் செய்த வேலை. தொலைக்காட்சிக்கு வாட்போர் அழகு. மதிலுக்கு ஆள் கணக்கிடுவது அழகன்று. அதனால் அது காட்டப்படவில்லை; காட்டப்படாததால் நிகழவில்லை என்றே பார்வையாளர் நம்புகின்றனர்.

ஏட்டை நாடியதற்காக அவரை நகையாடுவோர்க்கு மறுமொழி இன்னும் உண்டு. தாம் அரியணை ஏறிய நாளில் தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே இலத்தீன் நூலைப் பொருளறிந்து படிக்கக்கூடியவர் ஒருவரும் நினைவில் இல்லை என்று ஆல்பிரட் வருந்தி எழுதினார். கிரகரி என்னும் போப்பாண்டவரின் நூலை ஆங்கிலத்தில் ஆக்கியபோது அதற்கு எழுதிய முன்னுரையில் காணும் செய்தி அது. அந்த முன்னுரையிலேயே, வசதியுள்ள குடிமக்களின் பிள்ளைகள் அனைவரும் வேறு பணிக்குத் தகுதி பெறும் முன்னர், ஆங்கில எழுத்தைச் செவ்வனே படிக்கக் கற்றாக வேண்டும் என்றும், இலத்தீன் அதற்குப் பின்னர், மேற்கல்வி நாடுவோர்க்கு என்றும் திட்டம் வகுத்தார். முதலில் தாய்மொழி, பின்னரே பிறமொழி! ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், பகைவர் கப்பல் கரையில் நிற்கும் நாளில், ஒரு மன்னர் வகுத்த கல்விக் கொள்கை இது. அந்நூலின் படி ஒவ்வோர் ஆயருக்கும் அனுப்பப்பட்டது. வூஸ்டர் ஆயருக்குச் சென்ற படி இன்றும் ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் உள்ளது. இதைச் செய்தவரைத்தான் 'புத்தகப் புழு' என்று சிரிக்கின்றனர். தாய்மொழிப் பள்ளியில் பணியாற்றும் ஆசிரியர் எவருக்கேனும் இச்சிரிப்பு பொறுக்குமா?

இதனினும் கொடியது ஒன்று 'வைக்கிங்ஸ்' தொடரில் உண்டு. அதில் ஆல்பிரட், ஏத்தல்ஸ்டன் என்னும் கற்பனைத் துறவிக்கும் ஜூடித் என்பவளுக்கும் முறையின்றிப் பிறந்த பிள்ளையாகக் காட்டப்படுகிறார். வரலாற்றில் அவர் ஏத்தல்வுல்ப் மன்னருக்கும் ஓஸ்பர்கா அரசிக்கும் பிறந்தவர். ஜூடித் பிராங்கிய மன்னர் சார்லஸின் மகள். 856இல் ஏத்தல்வுல்ப் மன்னரை மணந்து ஆல்பிரட்டுக்குச் சிற்றன்னையானவர். அந்த ஓஸ்பர்காவைப் பற்றி ஆசர் குறிக்கும் நிகழ்ச்சி ஒன்று உண்டு. சாக்சானியப் பாடல்கள் எழுதிய ஓர் ஏட்டைத் தாய் தம் மக்களுக்குக் காட்டி, இதனை முதலில் கற்பவருக்கே இது பரிசு என்றார். முதலெழுத்தின் ஓவிய அழகில் மயங்கிய கடைக்குட்டி ஆல்பிரட், ஏட்டை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஓடினான், கற்றான், வந்து தாய்முன் ஒப்புவித்தான், ஏட்டைப் பெற்றான். எந்த ஆண்டில் இது நடந்தது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது நிற்க. தாய், தாய்மொழிப் பாட்டு, ஆசிரியர், பிள்ளை ஆகிய நால்வகையும் கூடிய இக்காட்சியைவிட நாடகத்துக்கு ஏற்ற காட்சி வேறென்ன வேண்டும்? தொடரை எழுதியோர் அதனை விட்டனர். விட்டதோடு அமையாது, அந்தத் தாயையே வரலாற்றிலிருந்து துடைத்தெறிந்து, கள்ளக்காதல் ஒன்றை அவ்விடத்தில் வைத்தனர். தலைக்கவசத்தின் வடிவம் பிழை, தோலாடை அக்காலத்துக்குரியதன்று என்றெல்லாம் மணிக்கணக்கில் குறை காணும் பார்வையாளர் உண்டு. காணாமற்போன தாயைத் தேடியவர் அரியர்.

ஆல்பிரட்டின் மகள் ஏத்தல்பிளெட் அம்மையாருக்கும் நேர்ந்தது இஃதே. மெர்சியாவின் தலைவியாய் நின்று அரண்கள் பல எழுப்பி, 917இல் டார்பியையும் 918இல் லெஸ்டரையும் வென்று, அவ்வாண்டே டாம்வொர்த்தில் மறைந்தவர் அவர். அவர் ஊட்ரெட்டைக் காதலித்தது சரியா, தவறா என்று பார்வையாளர் இன்றும் வாதிடுகின்றனர்.

வைக்கிங்கரே உரிமை வேட்கையுடையோர் என்னும் கருத்துக்கு வருவோர், அவர்களை மெய்யாகவே போற்றுவதாக எண்ணிக்கொள்கின்றனர். உண்மையில் அவர்களைச் சிறுமைப்படுத்துகின்றனர். மனிதரைப் பிடித்து விற்றது அவர்தம் வாணிகத்தின் பெரும்பகுதி. டப்லின் அதற்குப் பேர்பெற்ற சந்தை. சாக்சானியரிடமும் அடிமைகள் இருந்தனர். இருசாராருள் எவரும் உரிமைக்கொடி பிடித்தவரல்லர். மற்றொரு புறம், இங்கிலாந்தில் குடியேறிய டேனியர் உழுதனர், ஊர் அமைத்தனர், காசு அடித்தனர். 869இல் அவர்கள் கிழக்கு ஆங்கிலிய மன்னர் எட்மண்டைக் கொன்றனர். ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழிந்தபோது, அவர்கள் ஆண்ட அதே மண்ணில், அதே எட்மண்டைத் தூயவர் என்று போற்றும் வெள்ளிக்காசுகள் வெளிவந்தன! 1840இல் லங்காஷயரின் கியூர்டேலில் தோண்டியெடுத்த புதையலில் அத்தகைய காசுகள் ஆயிரத்துக்கு மேல் இருந்தன. கொன்றவரின் வழித்தோன்றல்கள் கொல்லப்பட்டவரை வணங்கிய இந்த மாற்றம் எத்துணை வியப்புக்குரியது! சட்டத்தைக் குறிக்கும் 'லா' என்னும் ஆங்கிலச் சொல்லே அவ்வடவர் மொழியிலிருந்து வந்தது. 'ஹஸ்பண்ட்', 'விண்டோ', 'எக்' ஆகியவையும் அவ்வாறே. கணவனும் சாளரமும் முட்டையும் தந்தவர்களைக் கோடரியோடு மட்டுமே காண விரும்புவது எவ்வகை அன்பு?

"ஏடெழுதியோர் கிறித்தவத் துறவிகள், ஆகவே பொய் எழுதியிருப்பர்" என்பது இவர்களின் கடைசிப் புகலிடம். துறவிகள் சார்புடையோர் என்பது உண்மையே. எந்தச் சான்றையும் ஐயுற்று நோக்குதல் நன்றே. ஆனால் ஐயம் ஒருபக்கமாகவே ஓடலாமா? லிண்டிஸ்பார்ன் சூறையாடப்பட்ட செய்தியைக் கேட்ட அல்குயின் என்னும் அறிஞர், பகைவரை வைவதோடு நின்றாரில்லை. நார்தம்பிரிய மன்னருக்கு எழுதிய மடலில் தம் மக்களின் ஒழுக்கக்கேட்டையும் ஆடம்பரத்தையும், அப்பகைவரைப் போலவே முடியும் தாடியும் திருத்திக்கொள்ளும் வழக்கத்தையும் கடிந்துரைத்தார். பொய்யர் என்று தள்ளப்படும் துறவியரின் நேர்மை இது. மறுபுறம், ஓடின், தோர் முதலிய தெய்வங்களின் கதைகள் இன்று கிடைப்பதற்குப் பெருங்காரணம் யார்? 1220ஆம் ஆண்டளவில் ஐஸ்லாந்தில் அவற்றைத் தொகுத்தெழுதிய ஸ்நோரி ஸ்டர்லுசன். அவரும் கிறித்தவரே! முதுகைப் பிளந்து விலாவெலும்பைச் சிறகுபோல் விரிக்கும் 'குருதிக் கழுகு' என்னும் கொடுந்தண்டனையைத் தொடரில் கண்டு, வைக்கிங்கரின் அஞ்சாமைக்குச் சான்று என்று வியப்போர் உண்டு. அதுவும் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதப்பட்ட கதைகளில் வருவது. பழைய பாடல்வரி ஒன்றைப் பின்வந்தோர் பிழைபடப் பொருள்கொண்டதால் பிறந்த கற்பனை அது என்று ரோபர்ட்டா பிராங்க் என்னும் அறிஞர் 1984ஆம் ஆண்டிலேயே வாதிட்டுவிட்டார். அக்காலத்தே வாழ்ந்தவர் எழுதியதை நம்பாதே. முந்நூறு ஆண்டு கழித்து எழுதியதை நம்பு. ஆயிரம் ஆண்டு கழித்து நடித்ததை அதனினும் நம்பு! இஃதா ஆராய்ச்சி?

கதைதானே என்னும் குரலுக்கு மறுமொழியைக் கதையாசிரியரே தந்துள்ளார். கார்ன்வெல் தம் நாவல்களின் இறுதியில் வரலாற்றுக் குறிப்பு ஒன்றைச் சேர்க்கிறார். எது நிகழ்ந்தது, எது தாம் புனைந்தது, எங்கே காலத்தை மாற்றினார் என்பதை வாசகர்க்குச் சொல்லிவிடுகிறார். 878இல் டெவன் பகுதியின் கின்விட் அரணில் டேனியப் படையை முறியடித்த ஓடா என்னும் தலைவரின் வெற்றியை எடுத்துத் தம் நாயகனுக்குக் கொடுத்தவர் அவர். கொடுத்தது தாமே என்று ஒளிக்காதவரும் அவர். கற்பனைக்கு உரிமை உண்டு என்பதை யாரும் மறுக்கவில்லை. கடன் வாங்கியவன் கடன் என்று சொன்னால் போதும். நாவலில் இருந்த அக்குறிப்பு தொடரில் இல்லை. வாசகர் மதிக்கப்பட்டார், பார்வையாளர் மதிக்கப்படவில்லை. மதிக்கப்படவில்லை என்பதைப் பார்வையாளரும் உணரவில்லை.

ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் உடையமைத்தவர், உணவு சமைத்தவர், குதிரை பார்த்தவர் பெயரெல்லாம் திரையில் ஓடுகின்றன. அவற்றோடு நான்கு வரி சேர்ப்பதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? கின்விட்டில் வென்றவர் ஓடா. ஊட்ரெட் என்பவன் இந்நூற்றாண்டில் இல்லை. ஆல்பிரட் தம் மக்கள் தாய்மொழியில் படிக்க வேண்டும் என்று நூல்களை மொழிபெயர்த்தார். அவருடைய தாயின் பெயர் ஓஸ்பர்கா.